நீலத் தொப்பி போட்ட அம்மா

என் மனைவி பட்டாளத்தில் நர்ஸ். நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். இதைச் சொன்னதும் சிலர், மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடியும் கேட்பார்கள். மாற்றவில்லை. தோளில் நட்சத்திரம் வைத்த சீருடை அவளுடையது. விடிவதற்கு முன்பே செவிலிமேட்டில் தொடங்கி, ஊரைச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை.

நாங்கள் இருப்பது திருப்பருத்திக்குன்றத்தில். என் தாத்தாவும் அவளுடைய தாத்தாவும் இந்த ஊர் நயினார்களின், அதாவது சமணக் குடும்பங்களின், நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். பிறகு வேதத்தில் சேர்ந்து, அதாவது கிறிஸ்தவர்களாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவள் எனக்கு மாமன் மகள். நர்சிங் படித்து, பட்டாளத்துத் தேர்வு எழுதி, எங்கள் தெருவிலிருந்து அதிகாரியாகப் போன முதல் ஆள். கல்யாணமான பிறகும் பல வருடம் அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். மகள் பிறந்த பிறகு சென்னைக்கு மாற்றல் கிடைத்தது. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவாள். அதுவே எங்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது.

மகளுக்கு ஏழு வயது நடந்த பங்குனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாமா, ஆப்பிரிக்காவுக்கு அமைதிப்படை போவுது. அதோட ஆஸ்பத்திரி ஒண்ணும் போவுது. நான் பேர் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா, குடுக்கப் போறியா?"

"குடுத்துட்டேன்."

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். "பாப்பா ரெண்டாவது போகப் போவுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. நீ வேணாம்னு சொன்னா நான் போவ மாட்டேன். அதான் கேக்கல." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "தோள்ல ஸ்டார் வச்சிக்கினு, நல்ல ஊரு வந்தா போறேன், கஷ்டமான ஊரு வந்தா போவலன்னு சொல்ல முடியுமா மாமா? ஒரு வருஷம்தான்."

கோபம் எனக்கு மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் அவளுக்குப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். வைகாசி கடைசியில் கிளம்பினாள். நைல் ஆறு ஓடுகிற நாடு. உள்ளூர்ச் சண்டையில் ஊர் ஊராக ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த முகாமைக் காப்பதுதான் நம் படையின் வேலை. அதன் நடுவில் கூடாரம் போட்டு ஆஸ்பத்திரி.

என் சிக்கல் காலை நேரம். நான் நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டும். பாப்பா எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். என் அம்மா அப்பா இருவரும் இல்லை. அதுவரை பாப்பாவைப் பார்த்துக்கொண்ட மாமியார், அந்த மாதம்தான் படுத்த படுக்கையானார். அப்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். நயினார் வீடு. அக்காவின் கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், நெல் வியாபாரி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் உழுத நிலத்தில் ஒரு பங்கு அந்த வீட்டினுடையது.

"சாவிய எங்கிட்ட குடுத்துட்டு நீ வண்டிக்குப் போ தம்பி. குழந்தைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

என் அப்பா அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதில்லை. என் மகள் அந்த வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பெரியம்மா, இன்னும் ஒரு தோசை" என்று கேட்டாள். அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவள் அம்மா கடல் தாண்டிப் போனதால் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். ஆடி மாதத்துக்குள் பாப்பாவும் அப்படியே ஆகிவிட்டாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து தட்டைப் போட்டால், "பூச்சி விழும்பா, வெளிச்சத்துல சாப்பிடணும்" என்று என்னையே அதட்டுவாள். அக்கா வீட்டுப் பெண் விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று அங்கே கிடந்தது. சீட் எட்டாது. நின்றுகொண்டே பெடல் போட்டுப் போட்டு, ஐப்பசிக்குள் தெருவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எல்லாவற்றையும் நான் செல்போனில் படம் எடுத்து அனுப்புவேன். இரண்டு நாள் கழித்து என் மனைவியிடமிருந்து ஒரு இதயப் படம் வரும். வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவாள். அமைதிப்படைக்காரர்கள் போடுகிற நீலத் தொப்பிக்குக் கீழே முகம் கருத்து, இளைத்து, ஆனால் ஒரு தெளிவோடு இருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் லீவு தருவதாக இருந்தது. பாப்பா காலண்டரில் சிவப்புப் பேனாவால் நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்து விழாவில் அவளுக்கு நட்சத்திர வேடம். உடையைத் தைத்துத் தர வேண்டும். "எங்கம்மா வந்து தெச்சிக் குடுக்கும்" என்று மிஸ்ஸிடம் சொல்லி வைத்திருந்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் என் மனைவி அழைத்தாள். "லீவு கேன்சல் மாமா. எல்லாருக்கும். இங்க நிலவரம் சரியில்ல." அதற்கு மேல் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து போன் வரவே இல்லை.

ஒரு நாள், இரண்டு நாள் என்று ஆரம்பித்துப் பத்து நாள் ஆனது. அந்த ஊரில் சண்டை முற்றிவிட்டதாகத் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடியது. பட்டாளத்து அலுவலகத்தில் கேட்டால், "தகவல் இருந்தா நாங்களே சொல்லுவோம்" என்றார்கள். தகவல் என்ற சொல்லே எனக்கு ஆகாமல் போயிற்று. வண்டியில் ஏறுகிறவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், "இன்னாண்ணே, அந்த ஊர்ல நமக்கு இன்னா வேல? எவனோ அடிச்சிக்கினா நம்ம வீட்டுப் பொம்பள போவணுமா?" என்று கேட்டார். கியரை மாற்றினேன்.

பதினோராம் நாள், காலை பத்து மணி. தொழிற்சாலை மைதானத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் மிஸ் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

"சார், இப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சிது. இன்னா சொல்றதுன்னே தெரியல. எப்ப சார் நடந்தது?"

"இன்னா மிஸ் நடந்தது?"

"உங்க வீட்டுக்காரம்மா… தவறிட்டாங்கன்னு…"

எனக்குத் தகவல் வருவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பட்டாளத்து விண்ணப்பத்தில் பள்ளிக்கூடத்துப் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தோமா என்று மூளை எங்கோ தேடியது. பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் பிடித்திருந்த ஈரத் துணியிலிருந்து தண்ணீர் என் பேண்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டி டிரைவர் ஓடி வந்து போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"மேடம், யார் சொன்னது உங்களுக்கு?" என்று அவர்தான் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா சொல்லிச்சாம்பா. பாப்பாதான் கிளாஸ்ல சொல்லிச்சாம்."

அந்த நிமிடம் நான் அழுத அழுகை இருக்கிறதே, என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லிவிடவில்லை. ஆனாலும் இருக்கிறாள் என்று சொன்னதுபோலவே இருந்தது.

மாலை ஷிப்டை அவரே எடுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை அறையில் ஒரு தட்டு பிஸ்கட் முன்னால் பாப்பா உட்கார்ந்திருந்தாள். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஏம்மா அப்டி சொன்ன?"

"வரேன்னு சொல்லிச்சி, வரல. போனும் பண்ணல. டிரஸ் எங்கன்னு மிஸ்ஸு தெனம் கேக்கறாங்க. செத்துட்டாங்கன்னு சொன்னா கேக்க மாட்டாங்க."

பைக்கில் முன்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, ஒரு பழைய பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையைக் கிழித்தெடுத்தார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நட்சத்திர உடை தயாராகிவிட்டது. பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காத சமண வீட்டில், எங்கள் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தைக்கப்பட்டது.

"அவ போன் பண்ணா இதச் சொல்லலாமா அக்கா? அங்க இருந்துக்கினு வருத்தப்படுவா."

"சொல்லு தம்பி. வருத்தத்த மறைச்சா பெத்தவளுக்கும் புள்ளைக்கும் நடுவுல செவுரு எழும்பிடும். சொல்லிடு."

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "நாலு நிமிஷம்தான் மாமா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. நான் நல்லா இருக்கேன்." நான் நன்றாக இருக்கிறேன் என்ற சொல்லை அவள் மூன்று முறை சொன்னாள். பாப்பா வகுப்பில் சொன்னதை அவளிடம் சொன்னேன். 

"அவகிட்ட குடு மாமா."

பாப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"நீ செத்துட்டன்னு சொல்லிட்டேன்."

"சரி."

"மிஸ்ஸு அழுதாங்க."

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"எவ்ளோ?"

யோசித்தாள். "அப்பா பஸ்ஸு அளவு."

"நான் வந்ததும் உக்கார வச்சி திட்டு. ஒண்ணு விடாம திட்டு. கேட்டுக்கறேன். ஆனா நாளைக்கி மிஸ்ஸுகிட்ட போயி, எங்கம்மா உயிரோட இருக்குதுன்னு நீயே சொல்லணும். செய்வியா?"

செய்தாள். மறுநாள் காலை வகுப்பில் எழுந்து நின்று, "எங்கம்மா சாவல. பொய் சொல்லிட்டேன். எங்கம்மா வேலையா இருக்குது" என்று சொன்னதாக மிஸ் எனக்குத் தெரிவித்தார். பையன்களில் பாதிப் பேர் நம்பவில்லையாம். விழா அன்று ஜரிகை மின்ன மேடையில் நின்ற நட்சத்திரத்தை நான் படம் எடுத்து அனுப்பினேன்.

வைகாசியில் அவள் திரும்பினாள். அது கருட சேவை நாள். பெருமாள் கருடன்மேல் ஊரைச் சுற்ற, உள்ளே எந்த வண்டியும் நுழைய முடியாது. "பொன்னேரிக்கரைலயே பஸ்ஸ நிறுத்திட்டாங்க மாமா" என்று அழைத்தாள். பாப்பாவை முன்னால் வைத்து மோட்டார்பைக்கில் சந்து சந்தாகப் புகுந்து போனேன். குடையும் கூடையுமாக ஆயிரக்கணக்கான பேர் நடந்துகொண்டிருந்த கூட்டத்தில், தலைமேல் பெட்டியை வைத்துக்கொண்டு ஒருத்தி எதிர்த் திசையில் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் புல்லுக்கட்டு சுமக்கிற அதே நடை. பெட்டியை இறக்கிவிட்டு மண்டி போட்டாள்.

பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. தள்ளி நின்று பார்த்தாள். "குள்ளமாயிட்ட" என்றாள். பாப்பாதான் வளர்ந்திருந்தாள்.

அடுத்த நாள் காலைதான் உண்மையான விலை தெரிந்தது. என் மனைவி சீப்பை எடுத்துக்கொண்டு பாப்பாவைச் சடை போடக் கூப்பிட்டாள். "பெரியம்மா போடட்டும். உனக்கு வராது" என்று பாப்பா சுவரேறிக் குதித்துப் போய்விட்டாள். சாப்பாடும் அங்கே. வீட்டுப்பாடம் அங்கே. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வருடம் நின்றவள், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இதைக் கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "மாகறல்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர ரெண்டு வாரம் ஆவும். அண்ணனும் வராரு. வீட்டப் பூட்டிட்டேன்." என் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். பாப்பா அழுதாள். அக்கா திரும்பிப் பார்க்காமல் டவுன் பஸ் ஏறினார். அக்காவின் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை, விசேஷம் என்றும் சொல்லவில்லை. எதற்காகப் போனார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதல் இரண்டு நாள் பாப்பா அந்தப் பூட்டிய வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பாப்பா சைக்கிளை எடுத்தபோது, என் மனைவி வாசலில் நின்று, "எனக்கும் கத்துக்குடேன்" என்றாள்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. எங்க வீட்ல சைக்கிள் இல்ல. அப்புறம் நேரம் இல்ல."

பாப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஜெனரேட்டர் அணைந்தால் கைவிளக்கில் ஊசி போடத் தெரிந்த அம்மாவுக்கு, தனக்குத் தெரிந்தது தெரியவில்லை!

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. அதிகாரி சைக்கிளில் ஏறுவாள், இரண்டு மிதி போவாள், வேலிமேல் சாய்வாள். பின்னால் எட்டு வயது வாத்தியார் கத்திக்கொண்டே ஓடுவாள். "கீழ பாக்காதம்மா! நேரா பாரு! பெடல நிறுத்தாத!" முழங்கையில் சிராய்ப்பு. முழங்காலில் சிராய்ப்பு. பாப்பாவே மஞ்சள் மருந்தைத் தடவிவிட்டாள். நடுநடுவே பாக்கி வைத்திருந்த திட்டையும் தீர்த்தாள். "கிறிஸ்மஸுக்கு வரல நீ. எனக்குப் பல்லு விழுந்தப்ப வரல. ஜொரம் வந்தப்ப வரல." இவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, வரல" என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவே இல்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் பாப்பா கையை விட்டதுகூடத் தெரியாமல் என் மனைவி கோயில் மதில் வரை ஓட்டிப்போய், திரும்பியும் வந்தாள். தெருவே கை தட்டியது. இறங்கும்போது விழுந்தாள். பாப்பா அவள்மேலேயே விழுந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் புழுதியில் கிடந்து சிரித்தார்கள். போனை எடுக்கவே தோன்றவில்லை. அந்தப் படம் என்னிடம் இல்லை, ஆனால் இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்த நாளில் பாப்பா ஒரே பிடிவாதம். "யூனிபார்ம் போடு. நீலத் தொப்பியும் போடு. உன்ன செத்துட்டன்னு நெனச்சிக்கினு இருக்கானுங்க." இவள் போட்டாள். சைக்கிளின் பின்னால் பாப்பாவை ஏற்றிக்கொண்டாள். நான் பைக்கில் மெதுவாகத் தொடர்ந்தேன். நீலத் தொப்பியும் மெடலுமாக ஒரு பெண் சைக்கிள் மிதித்து வந்ததைக் கண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். யார் முதலில் வணக்கம் வைத்தார் என்று தெரியவில்லை. பள்ளிக்கூட வாசல் வரை வணக்கம் தொடர்ந்தது. வகுப்பில் ஒரு சின்னப் பையன் கிட்டே வந்து அவள் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "நெஜந்தான்டா" என்று அறிவித்தான். மிஸ் மறுபடி அழுதார், இந்த முறை சிரித்துக்கொண்டே.

அந்தப் பத்து நாள் அங்கே என்ன நடந்தது என்று பிறகு ஒரு மத்தியானம், சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். வடக்கே மலை ஊரைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுச் சிப்பாய் ஒருவன், முகாம் வாசலில் நின்றவன், குண்டடிபட்டு வந்தான். பிழைக்கவில்லை. உடம்பைக் கழுவிச் சீருடை மாட்டிவிட்டது இவள்தான். அவன் வாசலை விடாமல் நின்றதால் உள்ளே இருந்த ஜனங்கள் தப்பினார்கள். அன்றைக்கே கூடாரத்தில் ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. எட்டு நாள் நடந்து வந்த பெண். இரண்டும் பிழைத்தன.

"அந்த ஊர்ல நமக்கு இன்னா வேலன்னு பஸ்ல ஒருத்தர் கேட்டாருன்னு சொன்னியே மாமா. அந்த ரெண்டு புள்ளைங்கதான் நம்ம வேல. அந்தப் பையன் வீட்டுக்கு அது பதிலாவுமான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல."

பஸ்ஸில் கேட்டவரிடம் இதை அப்படியே சொன்னேன். இறங்கும்போது அவர், "தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லுண்ணே" என்றார்.

இப்போது பாப்பா ஆறாவது படிக்கிறாள். இவளுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. சென்ற மாதம் மறுபடி ஒரு படைக்குப் பேர் கேட்டுக் கடிதம் வந்தது. இந்த முறை பேர் கொடுத்துவிட்டுச் சொல்லவில்லை. காகிதத்தைக் கொண்டுவந்து எங்கள் இருவர் முன்னாலும் வைத்தாள். நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். ஊர் எது, எத்தனை மாதம், லீவு உண்டா என்று தனித்தனியாகக் கேட்டாள்.

"இந்தவாட்டி வேணாம்மா. நான் பத்தாவது முடிச்சதும் போ. அப்ப நானே உன் பெட்டிய அடுக்கித் தரேன்."

"சரி" என்றாள் என் மனைவி. அந்தக் காகிதத்தை மடித்து, பட்டாளத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள்.